ஒரு படம், ஒரு ராத்திரி, வாடகைக்கு

கொடைக்கானலுக்கு வரும் உறவினர்களிடம் 2024க்குப் பிறகு ஒரு புதுப் பழக்கம் தொற்றியிருக்கிறது. பகலில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று குணா குகையை எட்டிப் பார்ப்பார்கள். ராத்திரி சாப்பிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்ததும், "சித்தப்பா, அந்தப் படத்தைப் போடுங்களேன்" என்பார்கள். அந்தக் குகைக்குள் விழுந்த நண்பனை மீட்கும் 'மஞ்சும்மல் பாய்ஸ்' கிளப்பிவிட்ட ஆசை. அந்த மலையாளப் படம் 2024 பிப்ரவரியில் தியேட்டருக்கு வந்து, மே மாதம் ஓடிடிக்கும் வந்துவிட்டது. ஆனால் இவர்கள் கேட்பது அதற்கு மூத்த 'குணா'வை. 1991ல் வந்த, இந்த மலையிலேயே எடுத்த படத்தை.

போன மழைக்காலத்தில் அண்ணன் மகள் கேட்டபோது வீட்டில் மூன்று ஓடிடி சந்தா இருந்தது. மூன்றிலும் தேடினோம். ஒன்றில் பெயரே வரவில்லை. இன்னொன்று, கேட்டது இல்லாவிட்டால் என்ன என்று சம்பந்தமே இல்லாத பத்துப் படங்களை வரிசையாக நீட்டியது. கடைசியில் அகப்பட்டது இணையத்தில் யாரோ ஏற்றி வைத்திருந்த, ஓரம் வெட்டிய, ஒலி கரகரக்கும் ஒரு பிரதி. பத்து நிமிடம் பார்த்துவிட்டு அவள் தூங்கப் போய்விட்டாள்.

மாதாமாதம் சந்தா கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அன்று அந்த ஒரு படத்துக்கு மட்டும் தனியாக ஐம்பது, நூறு கொடுக்கவும் தயாராக இருந்தேன். காசை வாங்கிக்கொண்டு படத்தைக் காட்ட ஆளில்லை. உலகத்திலேயே அதிகப் படம் எடுக்கும் நாடுகளில் ஒன்றில், ஒரு படத்தை ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுப்பது ஏன் இவ்வளவு கடினம் என்று அன்றைக்குத்தான் யோசிக்க ஆரம்பித்தேன்.

ஒரு காலத்தில் இது சுலபமாக இருந்தது. 80களில் எந்த ஊரிலும் "டிவி, டெக் வாடகைக்கு" என்று ஒரு போர்டு தொங்கும். ஒரு ராத்திரிக்கு டிவி, கேசட் ஓட்டும் டெக், மூன்று கேசட். தெருவே ஒரு வீட்டில் கூடும். விடியும்போது மூன்றாவது படத்தின் கிளைமாக்ஸை விழித்துக்கொண்டு பார்ப்பவர் இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். அந்தக் கேசட்டுகளில் எத்தனை முறையாக உரிமை வாங்கியவை என்று கேட்டால் கடைக்காரர் சிரித்திருப்பார். ஆனால் கேட்ட படம் கிடைத்தது.

இதில் எங்கள் மலைக்கு ஒரு தனிப் பெருமையும் உண்டு. கொடைக்கானல் டிவி கோபுரம் வந்த பிறகுதான் தென்மாவட்டங்களுக்குச் சென்னைத் தூர்தர்ஷன் ஒழுங்காகக் கிடைத்தது. அதற்கு முன் பல ஊர்களில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி இலங்கையின் ரூபவாஹினியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படம் மதுரைக்கும் சிவகாசிக்கும் இங்கிருந்துதான் இறங்கிப் போனது. இன்று அதே மலையில் ஒரு படம் சுற்றாமல் ஓடுமா என்று வைஃபை விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

கேசட்டுக்கு அப்புறம் சிடி. 2007ல் மோசர்பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. தமிழ்ப் படங்களும் அந்த விலைக்கே வந்தன. பெட்டிக்கடையில் தொங்கும் திருட்டு விசிடியின் விலைக்கே அசலைக் கொடுத்தால் யார் திருட்டை வாங்குவார்கள் என்பது கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் அதற்குள் கேபிள் லோக்கல் சேனலும் பென்டிரைவும் வந்துவிட்டன. 2018ல் அந்த நிறுவனத்தையே கலைக்க உத்தரவாகிவிட்டது. வட்டு போனதும், பணம் கொடுத்து ஒரு படத்தை மட்டும் கையில் வாங்கும் பழக்கமும் அதோடு போய்விட்டது.

இப்போது என்னதான் இருக்கிறது? ஹாட்ஸ்டார் 2015ல் வந்தது. நெட்ஃபிளிக்ஸும் அமேசான் பிரைமும் 2016ல். சன் நெக்ஸ்ட் 2017ல். ஆஹா தமிழ் 2022ல். ஜீ5, சோனிலிவ் தனி. ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் 2025 பிப்ரவரியில் ஒரே கடையாகிவிட்டன. பார்க்கக் கூட்டமாகத் தெரிந்தாலும் எல்லாம் ஒரே வகைக் கடை. மாதச் சந்தா கட்டு, நாங்கள் இலையில் வைத்ததைச் சாப்பிடு என்கிற மெஸ். கேட்டதைத் தட்டில் வைக்கும் ஓட்டலைத்தான் காணோம்.

அடியோடு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை இந்தியாவில் 2012 டிசம்பரிலிருந்து இருக்கிறது. கூகுள் பிளே 2013ல் படம் வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கியது. அந்தச் செயலியை 2024 ஜனவரியில் மூடி, வேலையை யூடியூபிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அமேசான் 2022 ஏப்ரலில் வாடகைப் பிரிவு திறந்தது; ஆரம்ப விலை 69 ரூபாயிலிருந்து 499 வரை. விதி ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான்: பணம் கட்டினால் 30 நாளுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும், தொடங்கினால் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆனால் இந்தக் கடைகளுக்குள் போய்ப் பாருங்கள். ஹாலிவுட் படங்கள் அடுக்கி வைத்திருக்கும். தமிழ் அலமாரியில் தூசி.

இதற்குக் காரணமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது, "நம்ம ஜனங்க காசு கொடுத்துப் பார்க்க மாட்டாங்க" என்பது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தியேட்டரில் பாப்கார்னுக்கு டிக்கெட்டைவிட அதிகம் கொடுக்கிறவர்கள்தானே நாம். காரணம் பார்ப்பவரிடம் இல்லை, படம் எடுக்கக் கடன் வாங்கும் முறையில் இருக்கிறது.

தமிழ்ப் படம் பெரும்பாலும் வட்டிப் பணத்தில் எடுக்கப்படுகிறது. வெளியீட்டுத் தேதிக்கு முன் பைனான்சியர் கணக்கை முடித்தாக வேண்டும். முதல் நாள் காலைக் காட்சி ரத்து, சாயங்காலம் "பிரச்சினை தீர்ந்தது, படம் ஓடுகிறது" என்று செய்தி வருவதெல்லாம் இந்தக் கணக்கு முடியாத கதைதான். அந்த நெருக்கடியில் தயாரிப்பாளருக்கு வேண்டியது மொத்தப் பணம். சினிமா வியாபாரத்தில் இதற்கு 'அவுட்ரேட்' என்று பெயர்: ஒரு தொகையைக் கொடு, உரிமையை எடுத்துக்கொள், லாபமும் நஷ்டமும் உன் பாடு. டிவியில் போடுவதற்கான சாட்டிலைட் உரிமை இப்படித்தான் விற்றது. டிஜிட்டல் உரிமையும் அதே வண்டியில் ஏறிக்கொண்டது. பல நேரம் இரண்டும் ஒரே கட்டாக. ஓடிடி நிறுவனம் கோடிகளைக் கொடுக்கும்போது, வேறு எந்தக் கடையிலும் இந்தப் படம் இருக்கக் கூடாது என்றும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்குகிறது. இல்லையென்றால் அதற்குச் சந்தா கட்ட யார் வருவார்கள்?

வாடகை நேர்மாறு. இன்று நூறு பேர், அடுத்த மாதம் முப்பது பேர், ஒரு நடிகர் விருது வாங்கினால் திடீரென்று ஆயிரம் பேர். பணம் சொட்டுச் சொட்டாக வரும், ஆனால் வருஷக்கணக்கில் வரும். பொறுமையுள்ளவனுக்கு லாபம். வட்டி ஏறிக்கொண்டிருப்பவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? வாடகைக்கு விட்டால் பத்து வருஷம் சோறு போடக்கூடிய வீட்டைக் கடனுக்காக ஒரே நாளில் விற்றுவிடுகிற கதைதான்.

இந்த ஏற்பாட்டில் பெரிய நடிகர் படம் தப்பித்துவிடும், சின்னப் படம்தான் மாட்டிக்கொள்ளும். கொரோனா காலத்தில் ஓடிடிகள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கின. அப்புறம் கையை இறுக்கிவிட்டன. இன்று தியேட்டரில் மூன்று நாள் ஓடிவிட்டு, எந்தத் தளமும் வாங்காமல், எங்குமே பார்க்கக் கிடைக்காமல் போகும் படங்கள் வருகின்றன. மதுரையில் ஓடினாலே எங்களுக்கு 120 கிலோமீட்டர் மலைப்பாதை. மூன்று நாளில் இறங்கிப் போய்ப் பார்க்க முடியாத படத்தை மூன்று வருஷத்திலும் பார்க்க முடியவில்லை.

நேராக வீட்டுக்கு விற்றுப் பார்ப்போம் என்று யாரும் முயலாமல் இல்லை. 2013ல் கமல்ஹாசன் 'விஸ்வரூப'த்தை டிடிஎச் வழியாக 1,000 ரூபாய்க்கு வீட்டிலேயே காட்டத் திட்டமிட்டார். தியேட்டர்காரர்கள் எதிர்த்தார்கள்; அது நடக்கவில்லை. சரி, தியேட்டர்காரர்களின் பயமும் நியாயம்தான். ஒரு டிக்கெட்டில் பதினைந்து பேர் ஒரு ஹாலில் உட்கார்ந்து பார்த்தால் அவர்கள் கதி? 2015ல் சேரன் 'சினிமா டு ஹோம்' என்று தொடங்கி, 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை'யை 50 ரூபாய் டிவிடியாக நேரடியாக விற்றார். இப்போது நினைத்தாலும் துணிச்சலான வேலை. பிளேயரே வீட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம் என்பதுதான் கெட்ட காலம். 2020 அக்டோபரில் விஜய் சேதுபதியின் 'க/பெ ரணசிங்கம்' ஜீ நிறுவனத்தின் ஜீபிளெக்ஸில் 199 ரூபாய் கட்டணத்தில் வந்தது. தமிழில் ஒரு படத்துக்கு ஒரு கட்டணம் என்ற முறையை ஒரு பெரிய நிறுவனம் செய்து பார்த்தது அப்போதுதான். ஓடியிருந்தால் இன்று கதை வேறு. அடுத்த ஆண்டே நெட்ஃபிளிக்ஸ் விலையைக் குறைத்து, போனில் மட்டும் பார்க்கும் திட்டத்தை மாதம் 149 ரூபாய் ஆக்கியது. ஒரு படத்துக்கு 199, ஒரு மாதத்துக்கு 149. யார் வாடகைக்கு எடுப்பார்கள்?

இதற்கிடையில் மலைகளுக்கு ஒரு வேடிக்கையான இடம் கிடைத்தது. தியேட்டரைத் தாண்டி நேராக ஓடிடிக்குப் போய்ப் பெரிய சண்டையைக் கிளப்பிய முதல் தமிழ்ப் படம் 2020 மே மாதம் வந்த 'பொன்மகள் வந்தாள்'. கதை நடப்பது ஊட்டியில். அடுத்த மாதமே வந்த 'பெண்குயின்' கொடைக்கானலில் எடுத்தது. எங்கள் பனியும் பைன் மரமும்தான் அந்தப் புதுக் கதவைத் திறந்தன என்று சொல்லிக்கொள்ளலாம். 'பொன்மகள் வந்தாள்' படத்தைத் தயாரித்த சூர்யாவின் நிறுவனப் படங்களையே இனித் திரையிட மாட்டோம் என்கிற அளவுக்குத் தியேட்டர் தரப்பு கோபப்பட்டது. பிறகு சமாதானம் ஆனது, தியேட்டருக்கு வந்து நான்கு வாரம் கழித்து ஓடிடி என்று தமிழில் ஒரு வழக்கமும் அமைந்தது. வடநாட்டு மல்டிபிளெக்ஸ்கள் எட்டு வாரம் கேட்கின்றன. அதனால்தான் 2023ல் 'லியோ'வின் இந்திப் பதிப்பு அங்குள்ள பெரிய மல்டிபிளெக்ஸ்களில் வரவில்லை. இந்தச் சண்டை முழுக்க எத்தனை வாரம் என்பதைப் பற்றித்தான். நாலாவது வாரத்துக்கு அப்புறம் நாற்பது வருஷம் அந்தப் படம் எங்கே இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

பழைய படங்களின் கதை இன்னும் சிக்கல். 'குணா'வையே எடுத்துக்கொள்வோம். 'மஞ்சும்மல் பாய்ஸ்' அலையில் அதைத் தியேட்டரில் மறுபடி வெளியிட ஏற்பாடானது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. படத்தின் பதிப்புரிமை தன்னிடம் இருக்கிறது என்று ஒருவர் வழக்குப் போட்டிருந்தார். படம் வந்து 33 வருஷம் கழித்தும் சொந்தக்காரர் யார் என்று கோர்ட்டில் நிற்க வேண்டியிருந்தது.

இது ஏதோ ஒரு படத்தின் தலையெழுத்து இல்லை. அந்தக் காலத்தில் 'நெகட்டிவ் உரிமை' என்று ஒன்றை விற்பார்கள். கடனுக்கு ஈடாகவும் அது கைமாறும். வாங்கியவர் இன்னொருவருக்கு, அவர் பிள்ளை வேறொருவருக்கு. அந்தப் பத்திரங்களில் தியேட்டர், டிவி, கேசட் என்றெல்லாம் எழுதியிருக்கும். இணையம் என்ற சொல்லே பிறக்காத நாளில் எழுதியது. 2012ல் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: ஒப்பந்தம் போடும்போது இல்லாத ஒரு ஊடகத்துக்கு, பெயர் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால் அந்த ஒப்பந்தம் செல்லாது. படைத்தவர்களைக் காப்பாற்ற வந்த திருத்தம்தான். ஆனால் பழைய பத்திரத்தை வைத்துக்கொண்டு இணைய உரிமை எனக்கே என்று சொல்கிறவருக்கும், இல்லை எனக்கு என்கிறவருக்கும் இன்னொரு வாதம் சேர்ந்துவிட்டது. வக்கீல் வேண்டிய படத்தை எந்த ஓடிடியும் தொடாது. இந்தியாவில் ஒரு படத்தின் பதிப்புரிமை வெளியான பிறகு 60 ஆண்டு. 91ல் வந்த படம் பொதுச்சொத்தாக 2051 முடிய வேண்டும். அண்ணன் மகளுக்கு அதற்குள் பேரன் பேத்தி வந்துவிடலாம்.

அதனால்தான் பழைய தமிழ்ப் படங்களின் நிஜமான நூலகம் யூடியூப் ஆகிவிட்டது. உரிமை உள்ளவர்கள் விளம்பரத்தோடு முறையாக ஏற்றியவையும் நிறைய உண்டு, அவர்களுக்கு நன்றி. மற்றவை வேறு ரகம்: தானியங்கிச் சோதனையை ஏமாற்ற இடவலம் மாற்றிப் போட்ட படங்கள். எம்ஜிஆர் இடக்கையால் வாள் சுற்றுவார். பெயர்ப்பலகையை எல்லாம் கண்ணாடியில் பிடித்துத்தான் படிக்க வேண்டும்.

வெளிநாட்டுப் படம் தேடுகிறவர்களுக்கு வேறொரு சுவர். இதைப் புரிந்துகொள்ளத் தமிழ் சினிமா ரசிகர்களுக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. நமக்கு 'ஏரியா' என்றால் என்னவென்று தெரியும். மதுரை-ராமநாதபுரம் ஏரியாவை ஒருவர் வாங்குவார், கோயம்புத்தூரை இன்னொருவர். கொடைக்கானல் மதுரைக்காரரிடம், ஊட்டி கோவைக்காரரிடம். கடல் கடந்தால் எஃப்எம்எஸ் என்கிற வெளிநாட்டு உரிமை தனி. இணையத்திலும் அதே ஏரியாதான், அளவு மட்டும் நாடு நாடாகப் பெரிதாகிவிட்டது. எச்பிஓ தொடர்கள் 2023 மார்ச் 31 அன்று ஹாட்ஸ்டாரிலிருந்து ஒரேயடியாகக் காணாமல் போனது இந்தியா என்ற ஏரியாவின் ஒப்பந்தம் முடிந்ததால். உலக சினிமாவின் செம்மையான பிரதிகளை வைத்திருக்கும் கிரைடீரியன் சேனல் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மட்டும். நமக்கு 2019லிருந்து உலக சினிமா காட்டும் முபி இருக்கிறது, அதுவும் சந்தாதான்.

இந்தச் சுவர் தலைகீழாகவும் வேலை செய்யும். சிம்ப்ளி சவுத் என்றொரு தளம் இருக்கிறது. தென்னிந்தியப் படங்களுக்கென்றே நடக்கிறது. இந்தியாவைத் தவிர எல்லா இடத்திலும் பார்க்கலாம். டொரண்டோவில் இருக்கும் உறவுக்காரர் பார்த்துவிட்டு "படம் பரவாயில்லப்பா" என்று சொல்லும் தமிழ்ப் படத்தை, அது எடுக்கப்பட்ட மலையில் உட்கார்ந்துகொண்டு நான் பார்க்க முடியாது.

சரி, எல்லாம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மலைக்கு அது ஏறி வர வேண்டுமே. நல்ல தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை செலவாகும்; சாதாரணத் தரத்தில் 1 ஜிபி. நம் படங்கள் இரண்டரை மணி நேரம். பெரும்பாலோர் போடுவது நாளைக்கு 1.5 அல்லது 2 ஜிபி ரீசார்ஜ். கணக்குப் போட்டால் மங்கலான தரத்தில்கூட இடைவேளை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். அப்புறம் திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்க்க வேண்டியதுதான். ஏப்ரல், மே சீசனில் ஊரே வந்து ஒரே டவரில் தொங்கும். மன்னவனூர், கிளாவரைப் பக்கம் போனால் சிக்னல் வரும் மேடு எது என்று ஆடு மேய்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். கேபிள் இழுத்திருக்கிறோமே என்றால், அது மலைப்பாதை மரங்களை நம்பி வருகிறது. 2018ல் கஜா புயல் சாய்த்த மரங்களால் கரண்டே இல்லாமல் நாட்கணக்கில் இருந்த ஊர் இது.

அந்த 48 மணி நேர விதியை எழுதியவர் இந்தப் பக்கம் ஒரு ஐப்பசி மாதம் வந்து தங்கியிருக்க வேண்டும். ஒருமுறை ஒரு தளத்தில் படம் வாடகைக்கு எடுத்து அரைமணி பார்த்தோம், கரண்ட் போனது. மறுநாள் கரண்ட் வந்தது, நெட் இல்லை. அதற்கு மறுநாள் இரண்டும் வந்தன, வாடகை முடிந்திருந்தது. கேசட் கடை அண்ணனாக இருந்தால், "மழைல என்ன பண்ணுவீங்க, நாளைக்குக் குடுங்க" என்றிருப்பார்.

பணம் கட்டுவதும் இங்கே ஒரு காலம் தொல்லையாக இருந்தது. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிப் பற்று (ஆட்டோ டெபிட்) விதிகள் மாறியபின் பலரது மாதச் சந்தா அறுந்தது. அடுத்த ஆண்டு ஆப்பிள் தன் கடையில் கார்டு வாங்குவதையே நிறுத்தியது. யுபிஐ அதைச் சரிசெய்துவிட்டது. இன்று பத்து ரூபாய் டீக்குக் கொடுப்பதுபோல் பத்து ரூபாய் படத்துக்கும் கொடுக்கலாம். சின்னத் தொகை வசூலிப்பது கஷ்டம் என்று சொல்ல முடியாத நாடு இது.

ஒரு படத்துக்கு ஒரு கட்டணம் என்பதைக் கேரளம் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறது. 2024 மார்ச்சில் அந்த மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் சிஸ்பேஸ் என்ற தளத்தைத் திறந்தது. மாதச் சந்தா என்ற பேச்சே இல்லை. ஒரு படத்துக்கு 75 ரூபாய். அதில் பாதி படத்தின் உரிமையாளருக்கு. தயாரிப்பாளருக்கு முன்பணம் கிடையாது, அதனால் கடனில் மூழ்கியவர் இதை நாட மாட்டார். ஏற்கெனவே தியேட்டரில் ஓடி முடித்து, யாரும் வாங்காமல் ஹார்டு டிஸ்கில் கிடக்கும் படத்துக்கு இது போதும். தமிழ்நாட்டில் அரசு கேபிள் உண்டு, 2011ல் மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். படத்துக்கு இப்படி ஒரு கடை இல்லை.

எங்கள் பக்கம் மேல்மலையின் கடைசி ஊர் கிளாவரை. அங்கிருந்து நடந்தால் கேரளத்து வட்டவடை. எல்லை தாண்ட வேண்டிய அவசியமும் இல்லை. சிக்னல் மேட்டில் நின்று யுபிஐயில் 75 ரூபாய் தட்டினால் மலையாளப் படம் ஓடும். அண்ணன் மகள் அடுத்த லீவுக்கு வரும்போது அதில் ஒன்றைப் போட்டுக் காட்டலாம் என்றிருக்கிறேன். அவளுக்கு மலையாளம் தெரியாது.